வானிலை நிலையம்: தவறு சென்சாரிலா, அதை வைக்கும் கூட்டிலா?

கேள்வி: வீட்டு மாடியில் சின்னதாக ஒரு வானிலை நிலையம் வைக்கிறேன். வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கிற டிஎச்டி11 சென்சாரை மாட்டிப் பார்த்தேன், மத்தியானம் 44 டிகிரி காட்டுகிறது. அன்றைய அதிகாரப்பூர்வ அளவு 37தான். சென்சார் பழுதா? டிஎச்டி22, பிஎம்இ280, எஸ்எச்டி31 என்று ஏகப்பட்ட பெயர் சொல்கிறார்கள், எதை வாங்கலாம்?

பதில்: பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிஎச்டி11 தன் டேட்டாஷீட்டிலேயே, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளிலேயே, 2 டிகிரி கூடலாம், குறையலாம் என்று ஒப்புக்கொள்கிற சென்சார்தான், ஆனால் 7 டிகிரிக்கு அதன் தலையில் பழி போட முடியாது. அநேகமாக நீங்கள் அளந்தது காற்றின் சூட்டை இல்லை, வெயிலில் காய்ந்த பெட்டியின் சூட்டை.

என் முதல் நிலையமும் இப்படித்தான் ஏமாற்றியது. சென்சாரைப் பத்திரமாக வைக்கிறேன் என்று மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டுச் சுவரில் அறைந்தேன், சூரியன் இறங்கி இரண்டு மணி நேரம் ஆகியும் அளவு இறங்கவே இல்லை, ஏனென்றால் பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் இரவில் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற வெள்ளைத் தட்டுகள் ஏழெட்டு எடுத்து, மேல் தட்டைத் தவிர மற்றவற்றின் நடுவில் ஓட்டை போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக விரல் அகல இடைவெளியில் கவிழ்த்து அடுக்கி, நடுவில் சென்சாரைத் தொங்கவிட்டேன். காற்று உள்ளே புகுந்து வெளியேறும், வெயிலும் மழையும் உள்ளே வராது. அதே சென்சார்தான், சூரியன் சாய்ந்ததும் அளவு மளமளவென்று இறங்கியது. அதனால் முதல் செலவு இந்தத் தட்டுக் கூட்டுக்குத்தான். தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம், கீழே புல்லோ மண்ணோ இருந்தால் நல்லது. மாடித் தளம்தான் கதி என்றால் கம்பம் நட்டுத் தளத்திலிருந்தும் சுவரிலிருந்தும் விலக்கி வையுங்கள்.

சரி, சென்சாருக்கு வருவோம். டிஎச்டி11 பழகிப் பார்க்க மட்டும். டிஎச்டி22 வெப்பநிலையில் அரை டிகிரிக்குள் நிற்கும், ஆனால் நாள் கணக்கில் ஈரத்திலேயே கிடந்தால் ஈரப்பத அளவு மெல்ல நகர்ந்துவிடுகிறது, சிலது 99.9-லேயே ஒட்டிக்கொள்கிறது. வெளியில் வைக்க நான் சொல்வது எஸ்எச்டி31: ஈரப்பதம் 2 சதவீதத்துக்குள், வெப்பநிலை 0.3 டிகிரிக்குள். மேலே படியும் பனியை உலர்த்த உள்ளேயே ஒரு குட்டி ஹீட்டரும் இருக்கிறது.

பிஎம்இ280-ஐக் காற்றழுத்தத்துக்கு வாங்குங்கள். அழுத்தம் வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒன்றுதான் என்பதால் அதை மேசையிலேயே வைத்துக்கொள்ளலாம். கடல் மட்டத்துக்கு அருகில் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறையும், அதனால் உங்கள் உயரத்துக்கு ஏற்பத் திருத்தாமல் யாருடைய அளவோடும் ஒப்பிட வேண்டாம். வெப்பநிலைக்கும் இதையே நம்புவதானால் நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி அளந்துவிட்டுத் தூங்க விடுங்கள், இடைவிடாமல் ஓட்டினால் தன் சூட்டையும் சேர்த்துச் சொல்லும். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஈரப்பதம் அளக்கத் தெரியாத பிஎம்பி280-ஐ இதே பெயரில் தள்ளிவிடுகிறார்கள். சிப்பின் மூடி சதுரமாக இருந்தால் பிஎம்இ, நீள்சதுரமாக இருந்தால் பிஎம்பி.

எதை வாங்கினாலும் ஒருமுறை சோதியுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஓர் இரவு விடுங்கள், உப்பு சென்சார்மேல் படாமல். காலையில் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். வித்தியாசத்தைக் குறித்துவைத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

காற்றின் வேகத்தை அளக்கிற காற்றுமானியைக் கடைசியாக வாங்குங்கள். முறைப்படி 10 மீட்டர் உயரத்தில் திறந்த வெளியில் இருக்க வேண்டியது அது, மாடிச் சுவரோரம் வைத்தால் சுழலைத்தான் அளக்கும்.

கேள்வி: மழைக்குத் தாமிரக் கோடு போட்ட தட்டுச் சென்சார் போதுமா?

பதில்: மழை பெய்கிறதா இல்லையா என்று மட்டும் அது சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. மின்சாரம் விட்டபடியே நனைந்தால் சில வாரங்களில் கோடு அரித்துப் பச்சையாகிவிடும். கவிழ்கிண்ண மழைமானி வாங்குங்கள். புனலில் விழும் மழை சின்னக் கிண்ணத்தில் நிரம்பியதும் அது கவிழும், கூடவே அதிலுள்ள காந்தம் ரீட் சுவிட்சை (காந்தம் பக்கத்தில் வந்தால் இயங்கும் சுவிட்ச்) தாண்டும், அது ஒரு எண்ணிக்கை. புனல் 16 செ.மீ. விட்டம் என்றால் 1 மி.மீ. மழைக்கு 20 மில்லி தண்ணீர். கிண்ணம் 0.2 மி.மீ.க்கு ஒருமுறை கவிழ்வதானால் 200 மில்லியை அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் ஏறக்குறைய 50 எண்ணிக்கை வர வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் கவிழும் நொடியில் விழுகிற தண்ணீர் கணக்கில் சேராது, கொட்டும் மழையிலும் இதேதான் நடக்கும். புனலில் இலை, பறவை எச்சம் சேராமல் வாரம் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.