பிள்ளை பிறந்ததும் இறங்கிப்போன பிரஷர்

வணக்கம் டொக்டர்,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். என் தங்கச்சிக்கு 31 வயது, கொழுந்து எடுக்கிறாள். நாலு வருசத்துக்கு முன் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சீனி இருக்கிறதென்றார்கள். எட்டாம் மாதம் பிரஷர் கூடி, சிறுநீரில் புரதம் போகிறதென்று 34 வாரத்திலேயே ஆபரேசன் செய்து எடுத்தார்கள். பிள்ளை 1 கிலோ 700 கிராம். ஆறு கிழமை கழித்து பிரஷர் நார்மல் என்று மருந்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எந்தக் கிளினிக்கும் போகவில்லை. இப்படிக் கஷ்டப்பட்டுப் பெற்றவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் நீரிழிவும் வரும், பிள்ளைக்கும் வரும் என்று ஃபோனில் ஒரு செய்தி பார்த்தேன். உண்மையா? கூடை சுமந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று தங்கச்சி தன்னையே நொந்துகொள்கிறாள். பிள்ளை மெலிவு என்று எங்கள் அம்மா பால்மாவில் மூன்று கரண்டி சீனி போட்டு, பிஸ்கட்டும் நனைத்துக் கொடுக்கிறார். அது சரியா? அடுத்த பிள்ளைக்கும் யோசிக்கிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கூடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சிக்கு வந்த பிரஷரின் வேர், வயிறு வெளியே தெரியும் முன்பே விழுந்துவிடுகிறது. முதல் நாலைந்து மாதத்துக்குள் கருப்பையின் இரத்தக் குழாய்கள் நன்றாக அகன்று நச்சுக்கொடிக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அவை போதியளவு அகல்வதில்லை. இரத்தம் போதாத நச்சுக்கொடி சில பொருட்களைத் தாயின் இரத்தத்தில் கலக்க, அவை உடம்பெங்கும் இரத்தக் குழாய்களின் உட்பூச்சைப் புண்ணாக்குகின்றன. பிரஷர் ஏறுவதும் சிறுநீரில் புரதம் ஒழுகுவதும் அதனால்தான். கூடை அங்கே வரவே இல்லை. இன்று இரவே அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

நச்சுக்கொடி வெளியே வந்ததும் பிரஷர் இறங்கிவிடும், ஆனால் குழாய்களில் பட்ட காயம் எல்லோருக்கும் முழுதாக ஆறிவிடுவதில்லை. சிலருக்குப் பிரஷர் வரும் தன்மை முன்பே உடம்பில் இருந்து, கர்ப்பம் அதை வெளியே கொண்டுவந்திருக்கும். நீங்கள் பார்த்த செய்தி அதனால் பொய்யில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த கணக்கின்படி, இப்படிப் பிரஷர் வந்த தாய்மாருக்குப் பின்னாளில் நிரந்தர உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட 4 மடங்குக்குச் சற்றுக் குறைவு, இதய நோய்க்கு சுமார் 2 மடங்கு. முப்பது வயதில் மாரடைப்பு வாய்ப்பு மிகச் சிறியது, அதை இரண்டால் பெருக்கினாலும் சிறியதுதான். நாற்பத்தைந்து, ஐம்பதில்தான் அந்தப் பெருக்கல் கனக்கும். சீனிக் கதை வேறு. கர்ப்பத்தில் சீனி இருந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 10 மடங்கு என்று 2020-ல் அதே சஞ்சிகையில் வந்தது. அது ஐந்து, பத்து வருடத்திலேயே வந்துவிடலாம். தங்கச்சிக்கு நாலு வருடம் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே முதல் வேலை சீனிச் சோதனை.

அந்தச் சோதனையில் மலையகத்தில் ஒரு சிக்கல் உண்டு. விடிய ஐந்து மணிக்கு பஸ் பிடிக்க வேண்டும், குளிர், ஒரு வாய் சாயத் தண்ணி குடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அதில் சீனி இருந்தால் சோதனை அங்கேயே கெட்டது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது 8 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். வெறும் வயிற்றில் ஒரு முறை இரத்தம் எடுத்ததும் 75 கிராம் குளுக்கோசை 250 முதல் 300 மில்லிலீட்டர் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். பிறகு இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்து மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். இடையில் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் கணக்குக் குறைந்து காட்டும். பயத்தில் முந்தைய நாட்களில் சோற்றைக் குறைப்பதும் பிழை, மூன்று நாளும் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், இல்லையேல் இரண்டு மணி நேரத்துக்குப் பின் 200 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. இரண்டு மணி நேரக் கணக்கு 140 முதல் 199 வரை என்றால் நடுநிலை, அப்போது வருடாவருடம் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றாலும் மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். வெறும் வயிற்று இரத்தம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், நம்மவர்களில் பலருக்கு அதில் பிடிபடாது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையும் இரத்தச் சோகை உள்ளவர்களுக்கு ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைந்தால் இல்லாத சீனியைக் கூட்டிக் காட்டும். (இரும்பு மாத்திரை கொடுத்தால் சாயத் தண்ணியோடு விழுங்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும். கல்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு வேளைக்கு வைக்கவும்.)

பிரஷர் பார்ப்பதிலும் பிழைகள் நடக்கின்றன. மேட்டிலிருந்து ஓடிவந்த மூச்சோடு கையை நீட்டினால் கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, கால் தரையில் படும்படி, பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் தேத்தண்ணியோ வெற்றிலை புகையிலையோ கூடாது. சுவெட்டருக்கு மேலே பட்டியைச் சுற்றுவதும், கையை மேலே சுருட்டி அது இறுக்கிக்கொண்டிருப்பதும் கணக்கைக் கெடுக்கும். குளிராக இருந்தாலும் கையை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டி போட்டால் பொய்யாகக் கூடிக் காட்டும். 140/90 என்பதை வேறு நாளிலும் பார்த்து உறுதி செய்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம்.

எங்கே போவது? அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையமும் மகளிர் கிளினிக்கும் பொதுவாக 35 வயதுக்காரர்களைத்தான் எதிர்பார்க்கின்றன. தங்கச்சி 31, அவளை யாரும் அழைக்க மாட்டார்கள். இந்த இடைவெளியில்தான் ஆயிரமாயிரம் தாய்மார் தொலைகிறார்கள், எனக்கு இது ஆற்றாமையாகவே இருக்கிறது. பிள்ளையை நிறுக்கப் போகும் நாளில் மிட்வைஃபிடமே கேட்கட்டும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வழி காட்டுவார். எந்த டொக்டரிடம் எந்த வருத்தத்துக்குப் போனாலும் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: “பிள்ளைப்பேற்றில் எனக்குப் பிரஷரும் சீனியும் இருந்தது, 34 வாரத்தில் எடுத்தார்கள்.” சான்றுக்கு அந்தக் கர்ப்பக் கார்டையும் ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் கார்டையும் லயத்துக் கூரை ஒழுகாத இடத்தில் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஃபோனில் படமும் எடுத்துவையுங்கள்.

கார்டைப் பற்றி இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ஹேர்ட்ஃபோட்ஷயரில் 1911 முதல் தாதியர் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு நிறையையும் ஒரு வயது நிறையையும் பேரேட்டில் எழுதிவந்தார்கள். அந்தப் பேரேடுகள் எரிக்கப்படாமல் இருந்ததால், மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கரின் குழு 1911-1930 காலத்தில் பிறந்த 5,654 ஆண்களைத் தேடிக் கணக்குப் பார்த்தது. பிறப்பிலும் ஒரு வயதிலும் நிறை குறைந்தவர்களே இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள் என்று 1989-ல் வெளியிட்டது. நம் நாட்டில் அநுராதபுர மாவட்டத்தில் 2019-ல் ரஜரட்டப் பல்கலைக்கழகத்தார் கர்ப்பிணிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்துத் தொடரத் தொடங்கினார்கள். மலையகத் தாய்மாரையும் அப்படித் தொடர வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரிகளில் கிடக்கும் பழைய பேறுப் பதிவேடுகளைக் கரையானுக்கு விடுவது பெரிய பாவம்.

பிள்ளைக்கு வருகிறேன். இந்தியாவின் புனே பக்கத்துக் கிராமங்களில் டொக்டர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். நிறை இங்கிலாந்துக் குழந்தைகளை விடச் சுமார் 800 கிராம் குறைவு, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது சதைதான். நம் பிள்ளைகளின் மெலிவும் அப்படி இருக்கலாம். மூன்று கரண்டி சீனி சதையைக் கூட்டாது, கொழுப்பைத்தான் கூட்டும். முட்டை, பருப்பு, கீரை, நெத்தலி, உங்கள் ஊரில் காய்க்கும் பட்டர் ஃப்ரூட் இவற்றைக் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் பக்குவமாகப் பேசுங்கள், அன்பில் செய்கிறார். பிள்ளையின் வளர்ச்சிக் கார்டில் இரண்டு கோடுகளையும் பாருங்கள். உயரமும் நிறையும் கீழே இருந்தாலும் சேர்ந்து ஏறினால் பயமில்லை. உயரம் நிற்க நிறை மட்டும் கோடுகளைத் தாண்டி ஏறினால் அதுதான் கெடுதி. இன்னொன்று: சிறுநீரகத்தின் வடிகட்டிகள் வயிற்றுக்குள் 36 வாரம் வரை உருவாகின்றன, 34-ல் பிறந்தவளுக்கு அவை குறைவாக இருக்கலாம். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை அவளுக்கும் பிரஷர் பார்க்கவும், ஐபுபுரோஃபன் போன்ற வலி மருந்துகளை டொக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

தங்கச்சிக்கு ‘நடக்கவும்’ என்று அறிவுரை சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, நாள் முழுக்க மலையில் நிற்பவள். ஆறு கோப்பை சாயத் தண்ணிக்கு இரண்டிரண்டு கரண்டி என்றால் நாளுக்கு 12 கரண்டி, சுமார் 50 கிராம் சீனி. குறைக்க வேண்டியது அது, கோதுமை மா ரொட்டியில் ஒன்று, கட்டச் சம்பலிலும் கருவாட்டிலும் உப்பு. அமெரிக்க ஆய்வொன்றில் கர்ப்பத்தில் சீனி இருந்த பெண்களுக்கு உணவு, உழைப்பு மாற்றமும், மெட்ஃபோர்மின் மாத்திரையும் தனித்தனியே நீரிழிவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தன.

அடுத்த பிள்ளை வேண்டுமானால் தாராளமாக. அவளைப் போன்றவர்களில் சுமார் நால்வரில் ஒருவருக்குப் பிரஷர் திரும்பவும் வரலாம். முதலில் சீனியும் பிரஷரும் பார்த்துக்கொள்ளட்டும். எனலாப்ரில், லோசாட்டன் போன்ற பிரஷர் மாத்திரை எடுத்தால் கருத்தரிக்கும் முன்பே மாற்ற வேண்டும். அதுவரை தடை மாத்திரை வேண்டுமென்றால், பிரஷர் இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் கலந்தது பொருந்தாது. மாதவிடாய் தள்ளிப்போனதுமே, 8 வாரத்துக்குள், மிட்வைஃபிடம் பதிய வேண்டும். குறைந்த அளவு அஸ்பிரின் 12-ஆம் வாரத்திலிருந்து, 16-க்கு முன், தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். 2017-ல் வெளிவந்த ஆய்வில், ஆபத்துக் கூடிய தாய்மாருக்கு இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தபோது 37 வாரத்துக்கு முன் வரும் இந்தப் பிரஷர் 100-க்கு 4.3-லிருந்து 1.6-ஆகக் குறைந்தது. ஐந்தாம் மாதம் கிளினிக் தொடங்கினால் இந்த வாய்ப்புக் கைநழுவும். அளவை டொக்டர் தீர்மானிக்கட்டும், ஆனால் கேட்க வேண்டியது நீங்கள்.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகும், பிள்ளை பெற்ற ஆறு கிழமை வரையும், விடாத தலைவலி, கண் மங்கல், வலப்பக்க மேல் வயிற்று வலி, முகம் வீங்குதல் வந்தால் காலையில் டிஸ்பென்சரி திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த இரவே ஆம்புலன்ஸ் எண்ணான 1990-ஐ அழைத்து, ரோட்டில் எந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் வர முடியும் என்று சொல்லி, அங்கே கொண்டுபோய் நில்லுங்கள்.