மியூனிக்கில் அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் படிப்பது: கேள்வி பதில்

மியூனிக்கில் இத்துறையில் எல்.எல்.எம். (சட்ட முதுகலை) முடித்து, இங்கேயே காப்புரிமை (பேட்டண்ட்) பணியில் இருப்பவன் என்ற முறையில், பலரும் அனுப்பிய கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

ஐயா, நான் பயோடெக்னாலஜியில் பி.டெக். முடித்தவள். சட்டப் பட்டம் இல்லாமல் எல்.எல்.எம். சேர முடியுமா?

முடியும். பெரும்பாலான எல்.எல்.எம். படிப்புகள் சட்டப் பட்டம் கேட்கும் என்றாலும், மியூனிக் அறிவுசார் சொத்துரிமைச் சட்ட மையம் அறிவியல், பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்கிறது. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டதாரிகளை மனத்தில் வைத்து அமைத்த எம்.எஸ்சி. ஒன்றும் இருக்கிறது. இந்தியாவில் காப்புரிமை முகவராக (கண்டுபிடிப்பாளர் சார்பில் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்து வாதிடுபவர்) பதிவு செய்யவும் அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம்தான் வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. அந்த முகவர் பதிவுக்கான தேர்வுக்கு ஒருமுறை படித்துவிட்டு வந்தால் இங்கே முதல் மாதப் பாடங்கள் எளிதாகப் பிடிபடும்.

நான் பி.ஏ., பி.எல். படித்தவன். வெளிநாட்டில் எல்.எல்.எம். முடித்தால் பேட்டண்ட் அட்டர்னி ஆகலாமா?

இந்த நம்பிக்கையில் பலர் கல்விக் கடன் வாங்குவதைப் பார்த்து வருந்துகிறேன். அதனால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும். பட்டம் வேறு, தொழில் செய்யும் உரிமை வேறு. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் முன் ஆஜராக அறிவியல் அல்லது பொறியியல் கல்வியும் தனித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும்; எல்.எல்.எம். அதற்கு ஈடாகாது. ஐரோப்பியக் காப்புரிமை முகவராக வேண்டுமானால் அறிவியல் பட்டம், மூன்றாண்டுப் பயிற்சி, கடினமான தகுதித் தேர்வு ஆகியவற்றோடு, ஐரோப்பியக் காப்புரிமை அமைப்பின் உறுப்பு நாடு ஒன்றின் குடியுரிமையும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்குச் சிறப்புச் சூழலில் மட்டுமே விலக்கு உண்டு.

உங்களுக்கு வழியே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். வணிகக்குறி, பதிப்புரிமை, தொழில்நுட்ப உரிம ஒப்பந்தங்கள் ஆகியவற்றில் சட்டம் மட்டும் படித்தவர்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. நியூயார்க் பார் தேர்வை (அங்கே வழக்கறிஞராவதற்கான தேர்வு) எழுத எண்ணினால், உங்கள் இந்தியப் பட்டம் ஏற்கப்படுமா என்று அம்மாநிலத் தேர்வு வாரியத்திடம் மதிப்பீடு பெற்ற பிறகே கல்லூரிக்குப் பணம் கட்டுங்கள்.

அமெரிக்கா, இங்கிலாந்தை விட்டு மியூனிக் எதற்கு?

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தலைமையகம், ஜெர்மானியக் காப்புரிமை அலுவலகம், அந்நாட்டின் கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றம், மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனம் எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. 2023 ஜூன் 1 அன்று செயல்படத் தொடங்கிய ஐரோப்பிய ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றத்தின் கிளைகளும் இங்கே உள்ளன. நான் முன்னர் சொன்ன மையம், மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் ஆக்ஸ்பர்க், மியூனிக் தொழில்நுட்பம், ஜார்ஜ் வாஷிங்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்துவது, பாடங்கள் ஆங்கிலத்தில்தான்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஒரு காப்புரிமை வழங்கிய ஒன்பது மாதத்துக்குள் எவரும் அதற்கு எதிர்ப்புத் தாக்கல் செய்யலாம். அவ்விசாரணைகள் பொதுவாக எல்லோருக்கும் திறந்தவை. பல காணொலியில் நடப்பதால் மாணவர்கள் அறையிலிருந்தே பார்க்கலாம். முதல் விண்ணப்பத்தில் வெப்பநிலை 40 முதல் 60 டிகிரி என்றிருந்ததைப் பிறகு 45 முதல் 60 என்று சுருக்கினால், அது முதல் விண்ணப்பத்தில் இல்லாமல் புதிதாக நுழைத்த செய்தியாகுமா என்று இரு தரப்பும் மணிக்கணக்கில் வாதிடுவதைக் கேட்ட பிறகுதான், ஒரு காப்புரிமையின் உயிர் எங்கே இருக்கிறது என்பது புரிகிறது.

இந்தியச் சட்டம் படித்ததற்கு அங்கே மதிப்பு உண்டா?

நிறைய உண்டு. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் மருந்தான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தார்கள். 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவின்கீழ் அந்த நிராகரிப்பை உறுதி செய்தது. தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்துக்கு உரிமை கேட்டால், மருந்தைப் பொறுத்தவரை நோய் தீர்க்கும் திறன் கூடியிருப்பதைக் காட்ட வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பைப் பல நாட்டு மாணவர்களும் படிக்கிறார்கள். சேர்க்கைக் கடிதத்தில் பொதுவான ஆர்வத்தை எழுதுவதைவிட, இப்படியொரு வழக்கில் உங்களுக்கு விடை கிடைக்காத கேள்வியை எழுதுங்கள்.

செலவுக்கு எவ்வளவு காட்ட வேண்டும்?

ஜெர்மன் மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும் என்பது 2024இல் நிர்ணயித்த தொகை; கல்விக் கட்டணம் தனி. இந்தியப் பட்டதாரிகளுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து வழங்கும் ஏ.பி.எஸ். சான்றிதழும் தேவை என்பதால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உதவித்தொகை தேடுபவர்கள், உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் எல்.எல்.எம். படிப்பையும் பாருங்கள்.

படித்து முடித்துத் திரும்பினால் சென்னையில் வேலை இருக்குமா?

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தை 2021இல் கலைத்த பிறகு, அந்த வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் இப்போது இதற்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது. காப்புரிமை அலுவலகமும் புவிசார் குறியீட்டுப் பதிவகமும் கிண்டியில் இருக்கின்றன. புறப்படுவதற்கு முன்பே அங்குள்ள ஒரு மூத்த வழக்கறிஞரிடமோ முகவரிடமோ சில மாதம் வேலை பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பும்போது உங்களை அழைக்க ஓர் அலுவலகம் இருக்கும்.