கடலூரில் ஒரு வாரம்: கேள்வியும் பதிலும்

கடலூரில் ஒரு வாரம் தங்கி, சுற்றுலாவாக இல்லாமல் ஊரோடு ஊராக இருந்து பார்க்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

ரயிலில் வருகிறோம். கடலூருக்கு இரண்டு நிலையம் காட்டுகிறது. எதில் இறங்குவது, எங்கே தங்குவது?
- வாசகி, கோவை

திருப்பாதிரிப்புலியூரில் இறங்குங்கள். பேருந்து நிலையமும் கடைத்தெருவும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். 'கடலூர் துறைமுகம் சந்திப்பு' முதுநகரில் இருக்கிறது. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி. விழுப்புரம் பக்கமிருந்து வந்தால் திருப்பாதிரிப்புலியூர் முதலில் வரும். சிதம்பரம் பக்கமிருந்து வருபவர்கள்தான் பலகையில் 'கடலூர்' என்று பார்த்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்தில் இறங்கிவிடுகிறார்கள். எல்லா ரயிலும் இரண்டு இடத்திலும் நிற்பதில்லை என்பதால் முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோவில் ஏறி "கடலூர் போகணும்" என்றால் வேலைக்காகாது. திருப்பாப்புலியூரா, மஞ்சக்குப்பமா, ஓ.டி.யா, தேவனாம்பட்டினமா என்று சொல்ல வேண்டும். திருப்பாப்புலியூர் என்றால் திருப்பாதிரிப்புலியூர், ஓ.டி. என்றால் முதுநகர். சந்தடி வேண்டுமானால் திருப்பாப்புலியூரில் தங்கலாம். கொஞ்சம் அமைதி வேண்டுமானால் மஞ்சக்குப்பம். கடற்கரையோரம் அறை எடுக்கும் ஆசை பாண்டிச்சேரிக்குச் சரி. இங்கே ஊர் நடப்பதெல்லாம் கடைத்தெருவில்.

துறைமுகத்தில் நேரடியாக மீன் வாங்கலாம் என்கிறார்கள். எங்களைப் போல அரைக் கிலோ வாங்குபவர்களுக்குத் தருவார்களா? ஒற்றை அடுப்பில் குழம்பு வைக்க முடியுமா?
- வாசகர், பெங்களூரு

ஏலம் கூடைக்கணக்கில் நடக்கும், அது வியாபாரிகளுக்கு. நீங்கள் அதில் வாய் கொடுக்க வேண்டாம். ஏலத்தில் எடுத்த அம்மாக்கள் அங்கேயே ஓரமாகக் கூறு போட்டு உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் வாங்குங்கள். விடிந்தும் விடியாமலும் போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் கழித்துப் போட்டதுதான் மிஞ்சும்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள்: ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பு தட்டியிருந்தால் நேற்றைய மீன். கண் உப்பலாகத் தெளிந்திருக்க வேண்டும். வயிற்றில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தபடி நிற்கக் கூடாது. நின்றால் ஐஸில் கிடந்து தொய்ந்தது. விலை கேட்கும்போது "அக்கா, இது எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் பேச்சு ஓடும். எடுத்த எடுப்பில் பாதி விலைக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதில் நியாயமும் உண்டு. அரிவாள்மனையோடு உட்கார்ந்திருப்பவர்கள் தனிக்கூலிக்கு ஆய்ந்து கொடுப்பார்கள். செதில், குடல், செவுள் போனால் எடை நன்றாகவே குறையும். இரண்டு பேருக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள்.

முதல் தடவைக்குச் சங்கரா நல்லது. அரைக் கிலோவுக்கு எலுமிச்சை அளவு புளி, சின்ன வெங்காயம் 15, தக்காளி 2, பூண்டு 8 பல், மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, கொஞ்சம் மஞ்சள்தூள். நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, தூளையும் உப்பையும் புளிக்கரைசலில் கலந்து ஊற்றுங்கள். பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கிற வரை கொதிக்கட்டும். மீன் போடுவது அதற்கப்புறம்தான். போட்டபின் ஏழெட்டு நிமிடம் போதும். குழம்பு கொதித்துத் தெளியும் முன்பே மீனைப் போடுவதும், போட்டபின் கரண்டி விட்டுக் கிளறுவதும்தான் மீன் கரைந்துபோகக் காரணம். சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். காலையில் வைத்து மதியம் சாப்பிடுங்கள். சூட்டோடு ஊற்றிக்கொண்டால் புளி தனியாக, மீன் தனியாக நிற்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கரையோரம் போய்வரும் ஃபைபர் படகு மீன்தான். வரத்து குறைவு, விலை ஏறும். மீனுக்காகவே வருவதானால் அந்த இரண்டு மாதத்தைத் தவிருங்கள்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையாமே? வெளிமாநிலத்தில் இருந்து வரும் எங்களுக்கும் உண்டா?
- வாசகி, மும்பை

உண்டு. அரசின் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி, இறங்கும் வரை கையில் வைத்திருக்க வேண்டும். தனியார் பேருந்திலும், வெளியூர் போகும் பேருந்திலும் இது கிடையாது. ஏறும் முன் நடத்துனரிடம் கேட்டுவிடுங்கள். கூட வரும் ஆண்களுக்குச் சில்லறை தயாராக இருக்கட்டும்.

பகல் 12 மணிக்கு மேல் எங்கே போவது? போன தடவை பாடலீஸ்வரர் கோயில் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினோம்.
- வாசகர், சேலம்

எங்கேயும் போக வேண்டாம். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் மெஸ்ஸில் இலைச்சாப்பாடு சாப்பிட்டுப் படுப்பதுதான் ஊர் வழக்கம். ரசம் வரும் முன்பே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். போதும் என்றால் இலைக்கு மேல் கையைக் குறுக்கே காட்டுங்கள்; வாயால் மட்டும் சொன்னால் இன்னொரு கரண்டி விழும். முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்குக் கிளம்பும் முன் நாட்காட்டியில் முகூர்த்த நாளா என்று பார்த்துவிடுங்கள். முகூர்த்த நாளில் அங்கே வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கும்; சாலையில் வண்டி நகராது. கல்யாணக் கூட்டம் பார்க்கத்தான் ஆசை என்றால் அன்றைக்கே போங்கள், நாங்கள் தடுக்கவில்லை.

ஒரே ஒரு திருவிழாவுக்கு வரலாம் என்றால் எது?
- வாசகர், திருநெல்வேலி

மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். பார்க்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஓட்டு ஆற்றுத் திருவிழாவுக்கு. தை 5ஆம் நாள், அதாவது ஜனவரி 18 அல்லது 19, தென்பெண்ணை மணலில் நடக்கும். உங்கள் பக்கத்தில் இது கிடையாது. சாமி பார்த்த கையோடு சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. வாங்கிப்போய் அவித்துச் சாப்பிடுங்கள். கார் கொண்டுவந்தால் பாலத்துக்கு வெகு தூரம் முன்பே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பிள்ளைகளின் சட்டைப்பையில் கைபேசி எண் எழுதிய தாளை வைத்துவிடுங்கள்.

பாண்டியில் இருந்து திரும்பும்போது இரண்டு பாட்டில் எடுத்து வரலாமா?
- பெயர் வேண்டாம், சென்னை

வேண்டாம். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

சில்வர் பீச்சில் குளிக்கலாமா? பக்கத்து மீனவர் குப்பத்தில் படம் எடுத்தால் கோபப்படுவார்களா?
- வாசகி, மதுரை

கணுக்கால் நனைய நிற்கலாம், குளிக்க வேண்டாம். மேலே அலை சாதுவாகத் தெரிந்தாலும் திரும்பும் நீர் காலடி மணலை அரித்து உள்ளே இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிட்டவே போகாதீர்கள்.

குப்பத்தில் முதலில் பேசுங்கள், பிறகு கேமராவை எடுங்கள். மணலில் விரித்திருக்கும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். நைலான் இழை செருப்பில் மாட்டி அறுந்தால் அதை உட்கார்ந்து கோக்க அவர்களுக்கு அரை நாள் போய்விடும். வலை பின்னுகிற பெரியவரிடம் "என்ன மீனுக்குங்க ஐயா இந்த வலை?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணியின் அளவைக் காட்டி விளக்க ஆரம்பித்துவிடுவார். படம் எடுக்க அனுமதி தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.