மண்ணுக்கடியில் மியூவான் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனாவின் லாசோ ஆய்வகம் 12 அதிஉயர் ஆற்றல் காமா மூலங்களைக் கண்டுபிடித்ததோடு காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியிலிருந்து பொழியும் துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள்) எங்கே பிறக்கின்றன என்ற புதிர் தீர்ந்தது என்று கேள்விப்பட்டேன். அங்குள்ள மியூவான் (எலெக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) உணரிகள்தான் புரோட்டானையும் காமாவையும் பிரித்துவிடுகின்றனவே? இதை ஒரு செயற்கைக்கோளே செய்யாதா?

கே.

அன்புள்ள கே.,

செயற்கைக்கோள் போதாது. 100 டெரா எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு (துகள் ஆற்றலின் அலகு; டெரா என்றால் லட்சம் கோடி) மேல் காமாக்கள் மிக அரிது. அவற்றைப் பிடிக்க சதுர கிலோமீட்டர் கணக்கில் பரப்பு வேண்டும். அது கிடக்கட்டும். சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்த குழப்பம் உங்கள் முதலிரண்டு வரிகளில் இருக்கிறது.

லாசோ இருக்கும் டாவோசெங்கில், 4,410 மீட்டர் உயரத்தில், 1,188 மியூவான் உணரிகள். ஒவ்வொன்றும் 36 சதுர மீட்டர் நீர்த்தொட்டி, மேலே 2.5 மீட்டர் மண். விண்ணிலிருந்து வரும் புரோட்டானோ காமாவோ காற்றில் மோதிக் கிளப்பும் துகள் பொழிவின் எலெக்ட்ரான்கள் மண்ணிலேயே அடங்கிவிடும். மியூவான் துளைத்து இறங்கி, தண்ணீரில் செரென்கோவ் ஒளி என்னும் நீல மினுக்கைக் கிளப்பும். (ஊட்டியின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில் மண்ணின் வேலையைக் கான்கிரீட் செய்கிறது.) புரோட்டான் பொழிவில் மியூவான் நிறைய இருக்கும்; மியூவான் குறைந்த பொழிவு என்றால் வந்தது காமா. அவ்வளவுதான். அந்தக் காமாவைப் பெற்றது புரோட்டானா எலெக்ட்ரானா என்று எந்தத் தொட்டியும் சொல்லாது. இவ்வளவு ஆர்வமாகப் படிக்கிற நீங்கள் இங்கே சறுக்கலாமா?

வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவிலிருந்து 1.1 பீட்டா (ஒரு பீட்டா ஆயிரம் டெரா) எலெக்ட்ரான்வோல்ட் காமா வந்திருக்கிறது. அதன் நடுவிலுள்ள பல்சாரின் (வேகமாகச் சுழலும் இறந்த விண்மீன்) எலெக்ட்ரான்கள் சாதாரண ஒளித்துகள்களை மோதி ஆற்றலேற்றுவதே அந்த நெபுலாவின் காமா ஒளியைப் பெரும்பாலும் விளக்கிவிடும். நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் பால்வழித் தளத்தைச் சுமார் 2,700 மணி நேரம் துழாவி, 2018இல் 78 மூலங்களைப் பட்டியலிட்டன. இன்னதென்று உறுதியானவை 31. அதில் 12 பல்சார் காற்று நெபுலாக்கள், அதாவது பல்சார் வீசும் துகள்களால் ஒளிரும் நண்டு நெபுலா வகை. பட்டியல் நீள்வதைக் காட்டி காஸ்மிக் கதிரின் பிறப்பிடம் தெரிந்துவிட்டது என்பவர்களை நம்பாதீர்கள்.

புரோட்டான் காமாவைத் தர வாயுவை மோத வேண்டும். மோதலில் பிறக்கும் நடுநிலைப் பையான் என்ற அற்பாயுள் துகள் இரண்டு காமாக்களாக உடையும். ஒரு காமாவுக்குப் புரோட்டானின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். ஆகவே காமா வரைபடத்தின் மேல் வாயு வரைபடத்தை வைத்துப் பாருங்கள்: வாயு எங்கே இருக்கிறது என்று காட்டுபவை கார்பன் மோனாக்சைடின் 2.6 மில்லிமீட்டர் அலை, ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலை. வாயு அடர்ந்த இடத்தில் காமாவும் கூடினால் புரோட்டான் பக்கம் வலுக்கும். பல்சாரைச் சுற்றியே குவிந்தால் எலெக்ட்ரான்.

தொல்லை எங்கே என்றால், லாசோவின் கூர்மை 100 டெராவில் ஏறக்குறைய 0.3 பாகை. நிலவின் அகலமே அரைப் பாகை. அந்த மங்கலுக்குள் பல்சார், சூப்பர்நோவா எச்சம், மேகம் மூன்றும் ஒன்றாக அடங்கிவிடும்.

சிக்னஸ் (அன்னம்) விண்மீன் குழுவின் பக்கம் லாசோ கண்ட காமா குமிழி பற்றி 2024இல் வெளியான முடிவுகளைத் தேடிப் படியுங்கள். பல பாகை அகலம் விரிந்த அந்தக் காமா ஒளி வாயு மேகங்களோடு ஒத்துப்போகிறது.