மகளின் மூளை மெதுவானதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 13 வயது. பாட்மின்டன் ஆடுகிறாள், நன்றாகவே ஆடுகிறாள். சென்ற மாதம் ஒரு தனியார் மையத்தினர் முகாம் நடத்தினார்கள். பலகையில் அங்கங்கே எரியும் விளக்குகளைத் தொட்டு அணைக்கச் சொன்னார்கள். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். கடைசியில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். எதிர்வினை வேகம் சராசரி, தேர்ந்த வீரர்களுக்கு இருக்கும் 'அமைதியான மூளை' இல்லை, ஆறு மாதம் மூளைப் பயிற்சி தேவை என்று அதில் இருக்கிறது. இதைப் பொருட்படுத்த வேண்டாம் என்கிறார் அவளுடைய பயிற்சியாளர். ஆனால் அவள் அந்தத் தாளை மடித்து விளையாட்டுப் பையிலேயே வைத்திருக்கிறாள். பெரிய ஆட்டக்காரர்களின் மூளை உண்மையிலேயே வேகமானதா? அந்தப் பயிற்சிக்கு அனுப்பலாமா? எங்கள் பெயர் வெளிவர வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்ப வேண்டாம். ஏன் என்று சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் மகளும் இதைப் படிக்கட்டும்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்து மட்டையாளரை அடைய ஏறக்குறைய அரை விநாடிதான் ஆகிறது. கண்ணில் பட்டதை மூளை உணர்ந்து, அதற்கேற்பக் கையை அசைக்க ஏறத்தாழ 200 மில்லி விநாடி தேவை. மட்டையை வீசி முடிக்கவும் நேரம் வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்கும் எவருக்கும், சாதிக்கிறவர்களின் நரம்புகள் நம்முடையதைவிட வேகமாக ஓடுகின்றன என்றுதான் தோன்றும். பீட்டர் மெக்லியோட் என்ற உளவியலாளர் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார். ஆடுகளத்து விரிப்பின் அடியில் மரக்குச்சிகளைப் பதித்தார். பந்து குச்சியின் மேல் விழுந்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதில் சர்வதேச வீரர்களை ஆடவிட்டு அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார். திரும்பிய பந்துக்கு ஏற்ப மட்டையைத் திருத்த அவர்களுக்கும் ஏறத்தாழ 200 மில்லி விநாடி ஆனது. ஆய்வகத்தில் சாதாரண மனிதர்களுக்கு ஆகும் அதே நேரம்தான்! 1987இல் வெளிவந்த ஆய்வு இது. உங்கள் மகளின் தாளில் 'சராசரி' என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். சர்வதேச வீரர்களும் அந்த அளவுகோலில் சராசரிதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? 2000ஆம் ஆண்டில் மைக்கேல் லேண்டும் இதே மெக்லியோடும் மட்டையாளர்களின் தலையில் சிறு கேமராவைப் பொருத்தி, அவர்கள் பார்வை எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். 'பந்தின் மேலேயே கண்ணை வை' என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள். மட்டையாளரின் கண் அப்படிச் செய்வதில்லை. பந்து கையிலிருந்து விடுபடும்போது ஒரு கணம் அதைப் பார்க்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்குத் தாவி, அங்கே காத்திருக்கிறது. பந்து பின்னால் வந்து சேர்கிறது. சோதிக்கப்பட்டவர்களில் திறமை கூடியவரிடம் இந்தத் தாவல் முன்னதாகவே நிகழ்ந்தது. இதில் கண்ணின் வேகம் முக்கியமில்லை, எங்கே தாவ வேண்டும் என்ற அறிவுதான் முக்கியம். பல்லாயிரம் பந்துகளைச் சந்தித்து மூளை சேர்த்துக்கொண்ட அறிவு அது.

உங்கள் மகளின் ஆட்டத்துக்கே வருகிறேன். 1987இல் புரூஸ் அபர்நெத்தியும் டேவிட் ரஸ்ஸலும் பாட்மின்டன் ஆட்டத்தின் படத்தைத் திரையிட்டு, மட்டை இறகுப்பந்தைத் தொடும் நேரத்தை ஒட்டி வெவ்வேறு கணங்களில் நிறுத்தி, பந்து எங்கே விழும் என்று கேட்டார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் மட்டையிலிருந்து மட்டுமே துப்பு எடுத்தார்கள். தேர்ந்தவர்களுக்கு மட்டையோடு அதைப் பிடித்த கையும் சேதி சொன்னது. கை முன்பே திரும்பிவிடுகிறது, மட்டை பிறகுதான் வருகிறது. ஸ்மாஷை எடுத்துவிடும் ஆட்டக்காரரைப் பார்த்து 'என்ன ரிஃப்ளெக்ஸ்!' என்று வியக்கிறோமே, அவர் எதிராளியின் கையைப் பார்த்து முன்பே புறப்பட்டுவிட்டிருப்பார். எரியும் விளக்குக்கு முன்கையும் இல்லை, தோளும் இல்லை. உங்கள் மகள் கற்று வைத்திருக்கும் எதையும் பயன்படுத்த அந்தப் பலகை இடம் தருவதில்லை. அதன் முன்னால் நிற்கும்போது அவளும் ஆட்டமே தெரியாத ஒரு சிறுமியும் ஒன்றுதான்.

பலகையில் பயிற்சி செய்தால் பலகையில் முன்னேற்றம் தெரியும், அது உண்மை. ஆட்டத்துக்கு அது வந்து சேர்கிறதா என்பதே கேள்வி. பொதுவான பார்வைப் பயிற்சித் திட்டங்களை அபர்நெத்தியும் வுட்டும் 2001இல் சோதித்தபோது, பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட ஆட்டத்தில் முன்னேறவில்லை. (பார்வை மங்கலாக இருக்கிறது என்று அவள் சொன்னால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், அது வேறு. அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. பட்டோடி 1961இல் கார் விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். மறு ஆண்டு 21 வயதில் இந்திய டெஸ்ட் அணியின் தலைவரானார்.)

அடுத்தது 'அமைதியான மூளை'. இந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. 1984இல் ஹாட்ஃபீல்டும் உடன் பணியாற்றியவர்களும் துப்பாக்கி சுடும் வீரர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். விசையை இழுப்பதற்கு முந்தைய விநாடிகளில் இடப்பக்க மூளையில் ஆல்ஃபா அலைகள் கூடின. அந்தப் பகுதி ஓய்வெடுக்கிறது என்பதன் அறிகுறி அது. மொழிக்கும் மனத்துக்குள் பேசிக்கொள்வதற்கும் இடப்பக்கம் முக்கியமானது என்பதால், தனக்குள் பேசுவது அடங்கிவிட்டது என்று விளக்கினார்கள். 2014இல் வந்த ஆய்வில், பிரேசில் கால்பந்து வீரர் நெய்மார் வலது கணுக்காலைச் சுழற்றும்போது, உடலை அசைக்கும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியில் தூண்டப்பட்ட பகுதி மற்ற வீரர்களுடையதைவிடச் சிறியதாக இருந்தது. இவற்றை மட்டும் படித்தால் மூளை அமைதியாக இருந்தால் போதும் என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் நெய்மார் ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி காலைச் சுழற்றினார், பந்தாடவில்லை. அதோடு 2008இல் பாபிலோனி குழுவினர் தேர்ந்த கோல்ஃப் வீரர்களை ஆராய்ந்தபோது, பந்து குழியில் விழுந்த முயற்சிகளுக்கு முன்பு மூளையின் முன்பக்க நடுப்பகுதியிலும் வலப்பக்க இயக்கப் பகுதியிலும் அதிர்வெண் கூடிய ஆல்ஃபா அலைகள் குறைந்தே இருந்தன. அதாவது அங்கே மூளை கூடுதலாக உழைத்தது. வேலை இல்லாத பகுதி அடங்குகிறது, வேலை இருக்கும் பகுதி முனைகிறது என்று இவற்றைச் சேர்த்துப் படிப்பதே சரி என்று நினைக்கிறேன். எந்தப் பகுதி, எந்த ஆட்டம், எந்தக் கணம் என்று சொல்லாமல் 'அமைதி இல்லை' என்று ஒரு குழந்தையிடம் தாள் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

அந்தப் பட்டையைப் பற்றியும் ஒன்று. தலைக்கு வெளியே பதிவாகும் மூளை அலை ஏறத்தாழ 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவுதான். ஒரு முறை கண் சிமிட்டினால் எழும் மின்சாரம் அதை எளிதாக மூழ்கடித்துவிடும். நெற்றியைச் சுருக்கினாலும் தாடையை இறுக்கினாலும் அப்படியே. ஆய்வகங்களில் இந்தக் கலப்படத்தைப் பிரித்தெடுக்கவே பாதி உழைப்பு போகிறது. பரிசோதனைக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் 13 வயதுக் குழந்தையின் நெற்றியில் முதலில் பதிவாவது அவளுடைய பதற்றம்தான்.

அந்தத் தாள் பையில் இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. சியன் பைலாக் குழுவினர் 2002இல் தேர்ந்த கால்பந்து வீரர்களிடம், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். பழகிய காலில் அவர்களின் வேகம் குறைந்தது. வேறு எதையோ கேட்டுக்கொண்டு ஓடியபோது அந்தப் பாதிப்பு இல்லை. தானாக ஓடும் திறமையைத் தானே கண்காணிக்கத் தொடங்கினால் அது தடுமாறும். நான் மெதுவானவளா என்ற கேள்வியோடு ஆடுகிற பெண்ணுக்கு அதுதான் நடக்கும்.

அவள் முன்னேற ஏதாவது செய்ய விரும்பினால், நல்ல ஆட்டக்காரர்களின் ஆட்டத்தை வீடியோவில் போட்டு, மட்டை பந்தைத் தொடும் முன் நிறுத்தி, எங்கே விழும் என்று கேளுங்கள். பார்ப்பதோடு விட்டுவிடவும் கூடாது. 2008இல் அக்லியோட்டி குழுவினர் கூடைப்பந்து வீச்சுகளைக் காட்டிச் சோதித்தபோது, பயிற்சியாளர்களும் விளையாட்டுச் செய்தியாளர்களும் பந்தின் பாதையைப் பார்த்தே கணித்தார்கள். ஆடுகிறவர்கள் வீசுபவரின் உடலைப் பார்த்து, பந்து கையை விட்டுப் போகும் முன்பே கணித்தார்கள். பந்து கையை விட்டு விலகும் கணத்தில், தவறப்போகும் வீச்சுக்கென்றே தனியாக, பார்த்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களின் கைத்தசைக்கு மூளை அனுப்பும் தூண்டுதலும் கூடியது. அதனால் வீடியோ கொஞ்சம், களம் நிறைய. களத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயிற்சியாளரிடமே விட்டுவிடுங்கள், அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

தாளை நீங்கள் எடுத்துக் கிழிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு அதை என்ன செய்வது என்று அவளே முடிவு செய்யட்டும்.

அன்புடன்