கைதானவருக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் என்ன வழி?

கோலாலம்பூரில் தம்பி கைதாகிவிட்டான், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், விரும்பிய வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது மலேசிய அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு. பணமில்லாத குடிமக்களுக்காகக் குற்றவியல் வழக்குகளில் 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞர்கள் முன்னிலையாகிறார்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் அவர்கள்.

அந்தப் பயிற்சியின் உயிர்நாடி ரிமாண்ட் விசாரணைதான், அதாவது போலீஸ் காவலை நீட்டிக்கலாமா என்று மாஜிஸ்திரேட் விசாரிப்பதுதான் என்பேன். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமானால், முதல் முறை அதிகபட்சம் 4 நாளும் அடுத்த முறை 3 நாளும் மட்டுமே காவல் நீட்டிக்கப்படலாம். எனவே, லாக்கப் உடையில் கைவிலங்கோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் கிடைக்கும் சில நிமிடங்களில், அடி விழுந்ததா, தினசரி மருந்து கிடைத்ததா, வீட்டுக்குத் தகவல் போனதா என்று விசாரித்து, இத்தனை நாள் எதற்கு என்று மாஜிஸ்திரேட்டிடம் வாதாட அந்த வழக்கறிஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும். (மலாய் மொழியில் நடப்பது புரியாமல் தலையாட்டிவிடும் நம்மவர்கள் ஏராளம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.)

கையில் பணமில்லை என்பதை முதல் நாளே போலீசாரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லி, சட்ட உதவி வழக்கறிஞரைக் கேளுங்கள்.