தலையில் டேப் சுற்றிய தாளக்காரர்

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் 30 வருஷமாக மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பது வருஷமாக என்னிடம் கற்கும் பையன் ஒருவன் இப்போது கல்லூரி ராக் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கிறான். "இவரைப் பாருங்க சார்" என்று கீத் மூன் என்பவரின் வீடியோவைக் காட்டினான். அந்த ஆள் கண்ணை உருட்டுகிறார், குச்சியைத் தூக்கிப் போடுகிறார், கைக்கு எட்டியதையெல்லாம் அடிக்கிறார். "இதெல்லாம் ஒரு வாசிப்பா" என்று திட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு நானே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கணக்கே இல்லாத ஒருவரிடம் எனக்கு என்ன ஈர்ப்பு? பையனை டிரம்ஸ் வாசிக்க விடலாமா, கை கெட்டுப்போகுமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பாருங்கள் ஐயா. கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியங்களைப் பற்றி எனக்கு வாரம் பத்துக் கடிதம் வருகிறது. அதிலே உங்களுடையதுதான் ரொம்ப சாது.

தாளத்தைப் பற்றி உங்களிடம் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் என் மாமா பையன் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தான். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று அவன் போன இடமெல்லாம் ஸ்டாண்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போன அனுபவம் எனக்கு உண்டு. அவன் எனக்குச் சொன்ன ஒரே பாடம்: "ஹைஹாட்டை மட்டும் விட்டுடாதே, விட்டா பாட்டு விழுந்துடும்." இடது காலால் மிதிக்கிற அந்த இரட்டைத் தட்டுதான் டிரம்ஸில் ஜால்ரா மாதிரி. ச்சிக் ச்சிக் என்று அது ஓடிக்கொண்டே இருக்கும், மற்றதெல்லாம் அதன் மேல் உட்காரும்.

கீத் மூனை முதன்முதலில் பார்த்தபோது நான் தேடியது அதைத்தான். காணோம். முன்னால் இரண்டு பெரிய பேஸ் டிரம், மேலே வரிசையாக டாம்கள் என்கிற சின்ன டிரம்கள், சுற்றிலும் சிம்பல்கள் என்கிற உலோகத் தட்டுகள். ஹைஹாட்டை அவர் பெரும்பாலும் சீண்டுவதே இல்லை. அப்படியானால் அவர் வாசித்த 'தி ஹூ' என்ற இங்கிலாந்து ராக் குழுவில் தாளம் போட்டது யார்? கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட். பாட்டின் நடையை அவருடைய வலது கை பிடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தைரியத்தில்தான் மூன் தன் இஷ்டத்துக்குத் திரிந்தார்.

இப்போது உங்கள் கச்சேரிக்கு வாருங்கள். அங்கே தாளம் போடுவது யார்? பாடுகிறவர், தொடையில். அவர் கை ஆதி தாளத்தைப் பார்த்துக்கொள்வதால்தான் நீங்கள் காலக்காவல் வேலையிலிருந்து தப்பித்துப் பாட்டுக்கு வாசிக்கிறீர்கள். பாடகர் ஒரே வரியை வேறு விதமாகப் பாடி சங்கதி மாறினால், உங்கள் சொல்லுக்கட்டு மாறுகிறது. பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்கிறீர்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரை நினைத்து இன்றும் பெரியவர்கள் கண் கலங்குவது கணக்குக்காக மட்டுமா? கீர்த்தனையோடு கூடவே நடந்துபோகிற அந்த வாசிப்புக்காகவும்தானே.

ராக்கில், சினிமாப் பாட்டில், டிரம்மர்தான் அந்தத் தொடைக் கை. மூன் அந்த வேலையை ஒப்புக்கொள்ளவில்லை. குழுவின் பாடகர் ரோஜர் டால்ட்ரி ஒரு வரியைப் பாடினால், அந்த வரியின் மேலேயே உருட்டிக்கொண்டு போகிறார். பேஸ் கிட்டார் ஓடினால் அதைத் துரத்துகிறார். பாடகரோடு சேர்ந்து இன்னொரு ஆள் தோல் கருவியில் பாடுகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் ராத்திரியில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு பைத்தியக்காரரை என்று நினைக்கிறீர்கள். என்னைக் கேட்டால், உங்கள் தொழில் செய்கிற ஒருவரை வேறு வேஷத்தில் பார்த்துவிட்டீர்கள். உங்கள் காதுக்கு அது எப்போதோ தெரிந்துவிட்டது.

ஒரேயடியாகப் புகழவும் முடியாது. மணி ஐயருக்கு எங்கே கையை எடுக்க வேண்டும் என்று தெரியும். மூனுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து கேட்டால் எனக்குத் தலை வலிக்கிறது. மூன்று பாட்டு, அப்புறம் ஒரு காபி. அதுதான் என் அளவு.

கணக்கே இல்லாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மட்டும் நான் சண்டைக்கு வருவேன். 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' என்று 1971-ல் வந்த 'தி ஹூ' பாட்டு, எட்டரை நிமிடம். அதில் ஓடுகிற சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியின் ஒலி முன்கூட்டியே பதிவு செய்தது. மேடையில் வாசிக்கும்போது அந்த டேப்பை ஓடவிட்டு, கூடவே வாசிப்பார்கள். டேப் யாருக்கும் காத்திருக்காது, உங்கள் எலக்ட்ரானிக் தாளப் பெட்டி மாதிரிதான். 1978 மே 25 அன்று லண்டனுக்குப் பக்கத்தில் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் இந்தப் பாட்டைப் படம் பிடித்தார்கள். பையனிடம் அந்த வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். மூன் காதில் பெரிய ஹெட்போன் இருக்கும். அதைத் தலையோடு சேர்த்து ஒட்டு டேப் போட்டுச் சுற்றியிருப்பார்கள். அவர் ஆடுகிற ஆட்டத்தில் வேறு எதுவும் அங்கே நிற்காது. பாட்டின் கடைசிப் பகுதியில் எல்லாரும் ஓய்ந்துவிட, அந்த மெஷின் ஒலி மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு டாம்களில் ஒரு வெடிப்பு, ஓர் இடைவெளி, இன்னொரு வெடிப்பு, அப்படியே வந்து டால்ட்ரியின் அலறலில் சரியாகச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், விழுவார். அதற்குப் பெயர்தான் கணக்கு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

சரி, பையன் விஷயம். உங்கள் பயத்தில் பாதி கையைப் பற்றியது, மீதி எழுதாமல் விட்டது. மூனின் வாழ்க்கையைப் பற்றி அவனும் படித்திருப்பான், நீங்களும் படித்திருப்பீர்கள். 1967-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேஸ் டிரம்முக்குள் வெடிமருந்தைத் திணித்து வெடிக்கவைத்தார். 1978 செப்டம்பர் 7 அன்று, 32 வயதில் இறந்தார். குடியை விடுவதற்காகக் கொடுத்த மாத்திரையையே அளவு மீறிப் போட்டுக்கொண்டார். அந்த வயதுப் பையன்களுக்கு வாசிப்பும் இந்தக் கூத்தும் ஒன்று போலத் தோன்றும். அவனுக்கு 1973 நவம்பர் கதையைச் சொல்லுங்கள். சான் பிரான்சிஸ்கோ அருகே கச்சேரி. போதையில் மூன் டிரம்ஸ் மேலேயே சாய்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு போய்த் தெளியவைத்துத் திரும்ப உட்காரவைத்தார்கள், மறுபடியும் விழுந்தார். "டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று டவுன்ஷெண்ட் கூட்டத்தைப் பார்த்துக் கேட்க, 19 வயது ரசிகர் ஒருவர் மேடையேறி மிச்சக் கச்சேரியை முடித்துக்கொடுத்தார். உள்ளே போதை போனதும் அந்த ஆவேசத்தால் ஒரு சிம்பலைக்கூடத் தொட முடியவில்லை. பையன் அந்த 19 வயதுக்காரரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பான். பார்க்கட்டும்.

நம் ஊரிலேயே டிரம்மர் சிவமணி இருக்கிறாரே. சூட்கேஸ், தண்ணீர் கேன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாத்தியமாக்குகிறவர். சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஆட்டத்தின்போது அவர் வாசித்ததைக் கேட்டு எழுந்து ஆடியவர்களில் மியூசிக் அகாடமி கச்சேரிக்கு ஜரிகை வேட்டியில் போகிறவர்களும் உண்டு. நானே ஒருவரைப் பார்த்தேன், பெயர் சொல்ல மாட்டேன்.

கை கெட்டுப்போகுமா என்பதற்கு உங்கள் காதுதான் பரிசோதனைக் கூடம். மிருதங்கம் விரலும் உள்ளங்கையும், டிரம்ஸ் மணிக்கட்டும் குச்சியும். குச்சியை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் வந்தால் விரல் விறைக்கும். வாரம் ஒரு நாள் வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்தில், சாப்பு என்ற அடியைப் போடச் சொல்லிக் கேளுங்கள். மந்தமாக விழுந்தால் பிடியைத் தளர்த்தச் சொல்லுங்கள், டிரம்ஸை நிறுத்தச் சொல்லாதீர்கள். கையைவிட எனக்குக் காதுதான் கவலை. மூடிய அறையில் ஒத்திகை என்றால் இயர்பிளக் கட்டாயம். டவுன்ஷெண்டுக்குக் காது எவ்வளவு கெட்டுப்போனது என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அடுக்குமாடி வீடு என்றால் ரப்பர் பேடில் பழகட்டும், இல்லாவிட்டால் அடுத்த கடிதம் கீழ்வீட்டுக்காரரிடமிருந்து வரும்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். தொப்பி என்கிற இடப்பக்கத்தில் ரவை ஒட்டி, சுருதி சேர்த்து, மிருதங்கத்தை அவனிடம் கொடுத்துவிட்டு அந்த எட்டரை நிமிடப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். நாலு நாலாகப் போகிற பாட்டு, ஆதி தாளம் தானாக உட்காரும். தாளத்தை நீங்கள் போடுங்கள், அவன் வாசிக்கட்டும். மெஷின் ஒலி தனியாகச் சுற்றுகிற அந்த இடம் வரும்போது மிருதங்கத்தை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். சமத்தில் வந்து விழுந்தீர்களா என்று எனக்கு ஒரு கார்டு போட்டால் போதும்.